இவர் எறும்பு பிடிக்கிறார்

செப்டம்பர் 11, வியாழன்

மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி. எட்டு மாதமாக அரிசி டப்பாவின் மேல் கிடந்தது. இன்று தூசி தட்டி எடுத்திருக்கிறேன். யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருக்கிறது. சொல்ல ஆள் இல்லை.

இவர் வந்து இன்றோடு இருபத்திரண்டு நாள். தோஹாவில் கம்பெனியை மூடிவிட்டார்களாம். வேறு விசா கிடைக்கும்வரை ஊரில் இருக்கலாம் என்று வந்திருக்கிறார். ஏசி மெக்கானிக்குக்கு அங்கே வேலைக்கா பஞ்சம், கிடைத்துவிடும்.

கல்யாணமாகிப் பதினேழு வருடம். விடுமுறைகளை எல்லாம் கூட்டிப் பார்த்தேன். இருவரும் ஒரே வீட்டில் இருந்தது மொத்தம் பத்தொன்பது மாதம். சுகாதார நிலையத்தில் என்னோடு வேலை பார்க்கும் எஸ்தர் சிஸ்டரோடு இதைவிட அதிக நாள் இருந்திருக்கிறேன்.

தங்கமான மனிதர்தான். ஆனால் டம்ளர் எடுப்பதற்குக்கூட “எடுத்துக்கவா?” என்று கேட்கிறார். இவ்வளவு பெரிய கட்டிலில் ஓரமாக, ஒரு முழ அகலத்துக்குள் படுத்துக்கொள்கிறார். ஓவியா பத்தாம் வகுப்பு. அவள் அப்பாவிடம் பேசுவது தலைமை ஆசிரியரிடம் பேசுவதுபோல இருக்கிறது. “சரிங்கப்பா.” “சாப்டேம்ப்பா.” அவ்வளவுதான்.

தினமும் விடிகாலை ஐந்தரைக்கு என் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். ஏழரைக்குத் திரும்பும்போது இரண்டு முழங்காலிலும் செம்மண். எங்கே போனீர்கள் என்றால், “சும்மா நடந்துட்டு வந்தேன்” என்கிறார். முழங்காலாலா நடப்பார்கள்?

செப்டம்பர் 14

இன்றும் மண்.

செப்டம்பர் 17, புதன்

எஸ்தர் சிஸ்டரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். “தவமணி, விடியக்காலைல ஆம்பள போறான்னா ஒண்ணு சாமி, இல்லன்னா சமாச்சாரம். எதுன்னு பாத்துக்க” என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மத்தியானம் எனக்கு மாத்திரை எண்ணிக்கை இரண்டு தடவை தப்பியது.

சாயங்காலம் இவர் கடைக்குப் போயிருந்தபோது பையைத் திறந்து பார்த்தேன். செய்யக்கூடாதுதான். பன்னிரண்டு கண்ணாடிக் குழாய். ஒவ்வொன்றிலும் பாதிவரை தண்ணீர், தண்ணீரை அடைத்துப் பஞ்சு. ஒரு பழைய தேக்கரண்டி, ஒரு பெயின்ட் பிரஷ், டார்ச் லைட்.

நான் மருந்தாளுநர். பதினெட்டு வருடமாகக் குழாயும் பஞ்சும் பார்க்கிறேன். என்னென்னவோ கெட்டதெல்லாம் மனசில் ஓடியது. முகர்ந்து பார்த்தேன். நாக்கில் ஒரு சொட்டு வைத்தும் பார்த்தேன்.

வெறும் தண்ணீர்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்று பின்னாலேயே போய்விட்டேன். ஸ்கூட்டியை அவர் எடுத்துப்போய்விட்டதால் எனக்குக் கிடைத்தது ஓவியாவின் சைக்கிள். நாற்பத்தொரு வயதில், புடவையைச் சொருகிக்கொண்டு, மணி அடிக்காத ஒரு ரோஸ் கலர் சைக்கிளில். பால்காரர் பார்த்துவிட்டு என்னவோ அவசரம் என்று நினைத்து வழிவிட்டார்.

கண்மாய்க்கரையில் ஸ்கூட்டி நின்றது. கரைக்கு அந்தப் பக்கம் புறம்போக்குப் பொட்டல். ஈச்சம்புதரும் காரைச்செடியும், ஆடு மேய்கிற இடம். அதற்கும் அப்பால் வேலி போட்ட தைலமரக் காடு. பொட்டலின் நடுவில் இவர் முட்டிபோட்டுக் குனிந்து, டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்துக்கொண்டு ஊர்ந்துகொண்டிருந்தார். கூட யாரும் இல்லை. புட்டியும் இல்லை.

“என்னங்க பண்றீக?”

தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். கையில் இருந்த குழாயை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

“ஒண்ணுமில்ல மணி.”

“ஒண்ணுமில்லாததயா இப்புடி மண்டிபோட்டுத் தேடுறீக?”

மறைத்த குழாயை முன்னால் கொண்டுவந்தார். பிறகு, “எறும்பு” என்றார்.

“என்ன எறும்பு?”

“ராணி.”

நான் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முதலில் நிம்மதி. அடுத்து கோபம் வந்தது.

அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தயங்கித் தயங்கிச் சொன்னார். மழை பெய்த மறுநாள் சில புற்றுகளிலிருந்து சிறகு முளைத்த ராணி எறும்புகள் பறக்குமாம். இறங்கியதும் சிறகைத் தானே பிய்த்துப் போட்டுவிட்டு, ஒளிந்துகொள்ளப் பொந்து தேடித் தரையில் அலையுமாம். அந்த நேரத்தில் பிடித்துக் குழாயில் விட்டு இருட்டில் வைத்தால் முட்டையிட்டு ஒரு கூட்டத்தையே உண்டாக்குமாம். வேலிக்கு அங்கிட்டு வனத்துறை இடம், அதனால் அங்கே தொடுவதில்லை, இந்தப் பொட்டலோடு சரி என்றார்.

“எல்லாஞ் சரி, எதுக்கு?”

“பாக்குறதுக்கு.”

“எறும்பப் பாக்குறதுக்கா?”

“அங்க ரூம்ல எட்டுப் பேரு. ஜோயல்னு ஒரு பிலிப்பைன்ஸ்காரன் கட்டிலுக்கு அடியில ஒரு டப்பால வளத்தான். கொரோனா சமயம் அவன் ஊருக்குப் போனப்ப எங்கிட்டக் குடுத்துட்டுப் போயிட்டான். வெள்ளிக்கிழம லீவு. எல்லாரும் வீட்டுக்குப் பேசுவாங்க. நானும் ஒன்ட்ட பேசுவேன், அஞ்சு நிமிசம். மிச்ச நேரத்துக்கு அத பாத்துக்கிட்டு இருப்பேன். நல்லா பொழுது போகும் மணி. ஒண்ணுக்கொண்ணு ஊட்டிவிட்டுக்கும்.”

திரும்பும்போது சைக்கிளில் செயின் கழன்றது. மாட்டிக்கொடுத்தார், மறுபடி கழன்றது, உருட்டிக்கொண்டு நடந்தேன். பிறகு அவர் ஏறிப் போயிருக்கலாம். ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டே வீடுவரை என்னோடு நடந்து வந்தார்.

செப்டம்பர் 22

ஐந்து வருடம் எறும்பு வளர்த்திருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. சாப்பிட்டாச்சா, மழை உண்டா, ஓவியா படிக்கிறாளா. இதைத்தான் வாராவாரம் கேட்டார். நானும் அதற்கு மட்டும்தான் பதில் சொல்லியிருக்கிறேன் என்பது இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

அக்டோபர் 2, வியாழன்

காந்தி ஜெயந்தி, விடுமுறை. நேற்று நல்ல மழை. பொட்டலுக்கு நானும் போனேன். எறும்புக்காக இல்லை. ஈச்சம்புதரில் கண்ணாடிவிரியன் கிடக்கும். அவருக்கு இந்த ஊர்ப் பாம்பெல்லாம் மறந்திருக்கும். அதற்காகத்தான்.

கட்டெறும்பைத் தவிர எனக்கு எல்லா எறும்பும் ஒன்றுதான். இவர் கையைப் பிடித்துக் குனியவைத்துக் காட்டினார். ராணிக்கு முதுகு தூக்கலாக இருக்குமாம், சிறகு இருந்த இடத்தில் தழும்பு தெரியுமாம். இரண்டு மணி நேரம் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தார். இவ்வளவு பேசுவார் என்று எனக்குத் தெரியாது.

“அதிசயம் என்ன தெரியுமா மணி? மொதக் குஞ்சு பொரிச்சு, அது பெருசாகி வெளிய போற வரைக்கும் ராணி ஒண்ணுமே திங்காது. ஒண்டியாவே கெடந்து அத்தனையும் வளத்துரும்.”

“இதுல என்ன அதிசயம்?” என்றேன்.

அவர் குழாய்களைப் பையில் போட்டு மூடிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொன்னதில் பொய் இல்லை. ஓவியாவுக்கு மூன்று வயதில் நிமோனியா வந்தபோது, பதினோரு நாள் பெரியாஸ்பத்திரி வராந்தாவில் நான் மட்டும்தான் இருந்தேன்.

அக்டோபர் 8, புதன்

ஸ்டாக் எடுக்கும் நாள். காலாவதியான இருமல் மருந்து ஒரு பெட்டி, திருப்பி அனுப்பவேண்டும். வீட்டுக்கு வரும்போது ஏழு மணி. இவர் சாம்பார் வைத்திருந்தார். எட்டுப் பேருக்கு ஆகும். ஓவியா இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்.

தோஹாவிலிருந்து போன் வந்தது. ரபீக், இவரோடு அறையில் இருந்த தம்பி. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். “விசா” என்று இரண்டு தடவை காதில் விழுந்தது.

நல்லதுதான். உழைத்துப் பழகிய மனிதர். இங்கே எறும்பைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருக்க முடியும்? பருப்புப்பொடிக்கும் கறிவேப்பிலைப்பொடிக்கும் வறுத்து எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் கொடுத்துவிடுவதுதானே. மிளகாய் நெடி கண்ணில் ஏறிவிட்டது. இவர் அடுக்களை வாசலில் வந்து நின்று, அரைத்து வைத்த டப்பாக்களைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை ஏழு மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு ஆண்குரல். “ஊரணிப்பட்டியிலருந்து பேசுறோம். இங்க ஒரு ஆளு பொட்டல்ல மண்ணு எடுத்தான், புடிச்சு வச்சிருக்கோம். இந்த நம்பரக் குடுக்குறான்.”

பொட்டலை ஒட்டிய ஊர் அது. ஓவியா சைக்கிளை மிதிக்க, நான் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் “அப்பாவ அடிச்சிருப்பாங்களாம்மா?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஊர்ப் பொதுக் கிணற்றடியில் முப்பது பேர் நின்றார்கள். நடுவில் இவர் கல்லில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் இரண்டு பிய்ந்திருந்தது. அடி எதுவும் இல்லை. குழாய்களை ஒரு துண்டில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்கள்.

அவர்கள்மேல் தப்பில்லை. மூன்று வருடத்துக்கு முன் இப்படித்தான் இரண்டு பேர் டப்பாவில் மண் எடுத்துப் போனார்கள். அடுத்த மாதம் எரிவாயு தேடித் துளை போடும் மிஷின் வந்து நின்றது. அதைத் திருப்பியனுப்ப இந்த ஊர்ச் சனம் வெயிலில் கிடந்தது எனக்கே தெரியும். மயங்கி விழுந்தவர்களுக்கு உப்புக்கரைசல் கொடுத்தது நான்தான்.

என்னைப் பார்த்ததும் கூட்டம் விலகியது. “மாத்திர அக்கால்ல இது!” மாதாமாதம் பிரஷர் மாத்திரை வாங்க வரும் வெள்ளையம்மாள் முன்னால் வந்தாள்.

ராசு என்கிற பெரிய மீசைக்காரர்தான் எனக்குப் போன் செய்தவர். “அக்கா, இந்த ஆளு ஒங்களுக்குத் தெரிஞ்சவரா?”

“என் வீட்டுக்காரர்.”

ராசு என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒன் வீட்டுக்காரரு வெளிநாட்டுலல்ல இருக்காக?” என்றாள் வெள்ளையம்மாள்.

“வந்துட்டாக.”

“அதான பாத்தேன், மொகமே தெரியல. மூணு கிலோமீட்டர்ல இருக்குற மனுசன் மொகம் தெரியலயே நமக்கு.”

இவர் தலையைக் குனிந்துகொண்டார். அடித்திருந்தால்கூட அப்படிக் குனிந்திருக்க மாட்டார். எனக்கு அது பொறுக்கவில்லை.

“எப்பத் திரும்பிப் போறாக?” என்று வெள்ளையம்மாள் கேட்டாள். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“போகல. இனிமே இங்கதான்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. இங்கேயே இருக்கிறீர்களா என்று அவரிடம் நான் கேட்டதுகூட இல்லை. இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ராசு விடவில்லை. “சரிக்கா, அப்ப இந்தக் குழாயில என்ன எடுத்தாக?”

“எறும்பு புடிக்கிறாக” என்றேன். சொல்லும்போது எனக்கே நம்பும்படி இல்லை. யாரோ சிரித்தார்கள்.

அப்போதுதான் ஓவியா கூட்டத்துக்குள் நுழைந்து துண்டிலிருந்து ஒரு குழாயை எடுத்தாள். “மண்ணு எங்க இருக்கு? பாருங்க. தண்ணி, பஞ்சு, அவ்வளவுதான். ராணி எறும்பு தண்ணி குடிக்கணும், ஆனா முங்கிறக் கூடாது. அதுக்குத்தான் எங்கப்பா பஞ்சு வச்சிருக்காங்க. றெக்க உதுந்த ராணிய மட்டுந்தான் எடுப்பாங்க. புத்தத் தோண்ட மாட்டாங்க.”

இதெல்லாம் அவளுக்கு யார் சொன்னது? நாங்கள் பேசும்போது கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள், வேறென்ன.

ராசு குழாயை வெயிலில் தூக்கிப் பார்த்தார். மீசைக்குள் சிரிப்பு வந்துவிட்டது. “ஏண்ணே, எறும்பு புடிக்கவா வெளிநாட்டுலருந்து வந்தீக? எங்கூட்டு அடுப்படிக்கு வந்தா மூட்ட மூட்டயா அள்ளிட்டுப் போலாமே!”

டீ போட்டுக் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். வெள்ளையம்மாள் என் நம்பரைப் பேரனின் போனில் பதிந்துகொண்டாள். “றெக்க எறும்பு பறந்தாச் சொல்றேன் தாயி” என்றாள்.

அக்டோபர் 13

இருவரும் அதைப் பேசவில்லை. பொத்தான்களைத் தைத்துவைத்தேன்.

அக்டோபர் 23, வியாழன்

இவருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ரத்தம் எடுத்துப் பார்த்தாயிற்று, டெங்கு இல்லை. கஞ்சியும் பாரசிட்டமாலும். நூற்றிரண்டில் நின்ற காய்ச்சல் இன்று நூறுக்கு இறங்கியிருக்கிறது.

மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தார். போன் அடித்தது, ரபீக். நான்தான் எடுத்தேன்.

“அக்கா, நீங்களாவது சொல்லுங்கக்கா. சூப்பர்வைசர் போஸ்ட்டு, அண்ணனுக்குன்னே வச்சிருக்காங்க. மூணு தடவ கேட்டுட்டேன், வேண்டாம் வேண்டாம்னே சொல்றாரு.”

“கம்பெனிய மூடிட்டாகன்னு...”

“மூடலக்கா. எங்க எல்லாரையும் வேற சைட்டுக்கு மாத்திட்டாங்க. அண்ணன் மட்டும்தான் ஊருக்குப் போறேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தாரு. ஒங்ககிட்ட சொல்லலயா?”

பிறகு, “அண்ணன் எங்கிட்ட விட்டுட்டுப் போன எறும்பெல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிருங்கக்கா” என்று வைத்துவிட்டான்.

இவரை எழுப்பவில்லை. நெற்றியில் ஈரத்துணியை மாற்றினேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

அக்டோபர் 24, வெள்ளி

மழைக்காகப் பள்ளிகளுக்கு விடுமுறை. விடிந்ததும் வெள்ளையம்மாள் போன். “தாயி, நேத்துப் பொழுதுசாய றெக்க எறும்பு மொய்ச்சுருச்சு. இப்பத் தரையெல்லாம் றெக்கையாக் கெடக்கு. ஒன் வீட்டுக்காரரக் கூட்டிக்கிட்டு வெரசா வா.”

வீட்டுக்காரர் கஞ்சிகூடக் குடிக்க முடியாமல் கிடக்கிறார். சொன்னால் எழுந்து வந்துவிடுவார். சொல்லவில்லை. எஸ்தர் சிஸ்டருக்குப் போன் செய்து இன்று லீவு என்றேன். “ஒனக்கா லீவு? என்னாச்சு?” என்றார். வயிற்றுவலி என்று சொல்லிவைத்தேன்.

நானும் ஓவியாவும் இரண்டு குழாயோடு போனோம். மழை விட்ட பொட்டல். மண் சில்லென்று இருந்தது. முதலில் குனிந்துதான் தேடினேன். பத்து நிமிடத்தில் முட்டிபோட்டுவிட்டேன். அறந்தாங்கி பஸ் ரோட்டில் மெதுவாகப் போனது, சன்னல் எல்லாம் தலை. பார்க்கட்டும்.

ஓவியாவுக்குக் கிடைத்தது ஆண் எறும்பு. எனக்கு இரண்டு தடவை வெறும் கட்டெறும்பு, ஒன்று கடித்தும்விட்டது. கடைசியில் ஒரு காரைச்செடியின் அடியில், மழையில் ஊறிய சாணிக்குப் பக்கத்தில், கறுப்பாக, நீளமாக, நிதானமாக நடந்து போய்க்கொண்டிருந்தது. முதுகு தூக்கல். தழும்பு தெரிந்தது. குழாயை முன்னால் வைத்தேன். கொஞ்சம் யோசித்தது. பிறகு தானாகவே உள்ளே போனது.

“ம்மா! ம்மா!” என்று ஓவியா குதித்த குதியில் ஆடுகள் ஓடிவிட்டன.

வீட்டுக்கு வரும்போது இவர் விழித்து உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் விட்டிருந்தது. என் முழங்காலைப் பார்த்தார்.

“எங்க போன?”

“சும்மா நடந்துட்டு வந்தேன்.”

குழாயைக் கையில் கொடுத்தேன். சன்னல் பக்கம் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தார். ஓவியா பல் விளக்கப் போனதும் நான் கேட்டுவிட்டேன்.

“ரபீக் பேசுனாரு. கம்பெனிய மூடலயாமே.”

குழாயைக் கீழே வைக்காமலே சொன்னார். “நீ திட்டுவன்னு நெனச்சேன். போன வருசம் ஒருநா ஓவியாகூடப் பேசும்போது, சாப்டியா, படிச்சியான்னு கேட்டு முடிச்சாச்சு. அடுத்தது என்ன கேக்கறதுன்னு தெரியல மணி. பெத்த புள்ளகிட்ட. அதுவும் சும்மா இருந்துச்சு. அப்புறம் ஒன்ட்டக் குடுத்துருச்சு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.”

“எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?”

“வந்த ரெண்டாம் நாளே அடுத்த விசா எப்பன்னு கேட்ட. சரி, மெல்லச் சொல்லுவோம்னு இருந்தேன். அப்புறம் பொடி வேற அரைச்சு வச்சுட்ட.”

“நீங்க போகப்போறீகன்னு அரைச்சேன்.”

“நான், நீ அனுப்பப்போறன்னு நெனச்சேன்.”

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு நடுவில் மாறிப்போய்விட்டது. அவர் ஒரு கையில் குழாயையும் இன்னொரு கையில் என்னையும் பிடித்துக்கொண்டு, எதை விடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

நவம்பர் 3

இவர் ஆலங்குடியில் ஒரு ஏசி கடையில் சேர்ந்துவிட்டார். ஒன்பது மணிக்குப் போய் ஏழு மணிக்கு வருகிறார். ராணி, பீரோவில் என் பட்டுப்புடவைகளுக்குப் பின்னால் இருட்டில். ஒன்பது முட்டை. இனி யாரும் தொந்தரவு செய்யக்கூடாது, வாரம் ஒரு தடவை இவர் மட்டும்தான் பார்ப்பார் என்று சட்டம் போட்டிருக்கிறார். அடிக்கடி வெளிச்சம் பட்டால் பயந்துபோய் முட்டையைத் தானே தின்றுவிடுமாம்.

நவம்பர் 16, ஞாயிறு

இன்று வீட்டில் பெரிய சண்டை.

காலையில் இவர் பீரோவைத் திறந்து பார்த்தார். ராணி நன்றாக இருக்கிறது. ஒரு முட்டைகூட இல்லை.

“ஓவியா! எத்தன தடவ தெறந்து பாத்த?”

“நான் பாக்கவே இல்லப்பா!”

“பொய் சொல்லாத. முட்ட தானா காணாமப் போகுமா?”

“புதன்கிழம ஒரே ஒரு தடவ பாத்தேன். நீங்கதான் போன வாரம் ரெண்டு தடவ தெறந்தீங்க, நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்! ஊருக்கெல்லாம் சட்டம், ஒங்களுக்கு மட்டும் கெடையாதா?”

“அப்பாகிட்ட இப்புடித்தான் பேசுவியா?”

“வேற எப்புடிப் பேசணும்? ஒங்களாலதாம்ப்பா எல்லாம் போச்சு!”

கதவு படீரென்று சாத்திக்கொண்டது. இவர் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினார். அவள் அந்தப் பக்கம் நின்று பதிலுக்குக் கத்தினாள். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டார்கள். இந்த வீட்டில் இப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. அடுப்படியில் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். சோறு குழைந்துவிட்டது.

அரைமணி கழித்து அவளே வெளியே வந்து, “திரும்ப முட்ட போடுமாப்பா?” என்று கேட்டாள். “போடும். ரெண்டு வாரம் யாரும் தொடலன்னா” என்றார். குழைந்த சோற்றை மூன்று பேரும் குறை சொல்லாமல் சாப்பிட்டோம். இனி பீரோச் சாவி என்னிடம்தான் இருக்கவேண்டும் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். வீட்டில் நம்பிக்கையான ஆள் நான் ஒருத்திதானாம்.

நான் வாயைத் திறக்கவில்லை. நான் பார்த்தது தினம் ஒரு தடவைதான், வேலைக்குக் கிளம்புமுன். புடவை எடுக்கும் சாக்கில்.